ஏழாம் நம்பர் வாளி

என் அண்ணி பல் செய்கிறவள். டாக்டர் இல்லை. டாக்டர் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்து, ஒரு லேபில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, முகம் தெரியாத யாருக்கோ முன்பல்லோ கடைவாய்ப் பல்லோ செய்து அனுப்புவது அவள் வேலை. வீட்டில் கலைஞர் நான். இந்தப் பங்கீட்டில் யாருக்கும் எந்த மனக்குறையும் இல்லை, அவள் களிமண்ணில் கை வைக்கும்வரை.

நான் பெரிய சுவர்களில் படம் வரைகிறவள். சாரம் கட்டி, இடுப்பில் பெல்ட் மாட்டி, ஒரு கண்ணுக்கே ஒரு வாளி பெயின்ட் பிடிக்கிற அளவுக்குப் பெரிய சுவர்கள். ஒன்று முடிந்து அடுத்தது கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் சும்மா இருக்க எனக்கு வராது. போன இடைவெளியில் எம்பிராய்டரி. அதற்கு முந்தியதில் லினோ என்கிற ரப்பர்த் தகட்டில் அச்சுப்படம் செதுக்கினேன். அதற்கும் முன்னால், பழைய எக்ஸ்ரே பிலிம்களை வெட்டி நிழல் பொம்மைகள். எல்லாமே மூன்று வாரம் தீயாக எரியும். நாலாவது வாரம் அட்டைப்பெட்டிக்குள் போய், கட்டிலுக்கு அடியில் சேர்ந்துவிடும்.

"இந்த சீசனுக்கு என்ன?" என்பான் அண்ணன். "முன்னாடியே சொல்லிட்டா அதுக்குத் தகுந்த சைஸ்ல பெட்டி வாங்கிட்டு வந்துடுவேன்."

இந்த சீசனுக்குக் களிமண். பேருந்து நிலையச் சுவர் உனக்குத்தான் என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் கோப்பு மேஜை மேஜையாக ஊர்ந்துகொண்டிருந்தது. டயர் கடைக்கு மேல்மாடியில் ஒரு மண்பட்டறை இருந்தது. படி ஏறும்போதே ரப்பர் வாசனை போய் ஈரமண் வாசனை வந்துவிடும். நீள அறை, நடுவில் கித்தான் விரித்த மேஜை, சுவரோரம் பலகை அலமாரிகள், மூலையில் ஃபிரிட்ஜ் மாதிரி நிற்கும் மின்சாரச் சூளை. நடத்துகிறவளை எல்லாரும் டிகிரி அக்கா என்போம். படித்த டிகிரி அல்ல. "நூறு டிகிரிக்குக் கீழ வராம கதவைத் தொட்டா கையை உடைப்பேன்" என்று நாளைக்குப் பத்து தடவை சொல்வாள், அந்த டிகிரி. அவள் எனக்கு வைத்த பெயர் 'சுவர்'.

அண்ணியை அங்கே கூட்டிக்கொண்டு போனது நானேதான். பத்து கிலோ மண்ணைத் தூக்கிக்கொண்டு படி ஏற ஒரு ஆள் வேண்டியிருந்தது. அன்றைக்கு அவளுக்கு லேப் அரைநாள்.

"வந்ததுக்குச் சும்மா ஏன் உக்காந்திருக்க? இந்தா," என்று டிகிரி அக்கா ஓர் உருண்டை மண்ணை அவள் முன்னால் போட்டாள்.

நான் கிண்ணம் பிடித்தேன். எனக்கு எதிரே ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் சார் கிண்ணம் பிடித்தார். அவர் எட்டு மாதமாகக் கிண்ணம்தான் பிடிக்கிறார். எல்லாமே ஒரு பக்கம் சாய்ந்து, தலையணை தேடுவது மாதிரி இருக்கும். அண்ணி பேசாமல் உட்கார்ந்திருந்தாள். இருபது நிமிஷம் கழித்துப் பார்த்தால், அவள் முன்னால் ஒரு காது. மனிதக் காது. மடல், குழி, கம்மல் போட்டுப் போட்டுத் தொங்கிப்போன ஓட்டை எல்லாம் சேர்த்து.

"யாரு காதும்மா இது?" என்றார் மேனேஜர் சார்.

"உங்களுது இல்ல சார், உங்களுக்குக் கம்மல் ஏது? பஸ்ல எனக்கு முன்னாடி சீட்ல ஒருத்தங்க உக்காந்திருந்தாங்க."

டிகிரி அக்கா அந்தக் காதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என் கிண்ணத்தை அன்றைக்கு யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். "சூப்பர் அண்ணி, கலக்கிட்டீங்க" என்றுகூடச் சொன்னேன். சொன்ன வாய் வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தபோதும் அதே சிரிப்பிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

எனக்குப் புரியாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். அவளுக்கு இதில் ஆசையே இல்லை. நான் வீடியோ பார்த்தேன், நூலகத்தில் புத்தகம் எடுத்தேன், தூங்கும்போதுகூட மண் பிசைந்தேன். அவளோ வருவாள், போனை ஓரமாக வைப்பாள், நகத்துக்கும் விரலுக்கும் நடுவில் எதையோ செய்வாள், ஒரு மூக்கு வந்து நிற்கும். "மெழுகு மாதிரிதான் இருக்கு, கொஞ்சம் ஈரம் ஜாஸ்தி," அவ்வளவுதான் அவள் கருத்து. ஆசைப்பட்டவளுக்கு வராமல் அலட்டிக்கொள்ளாதவளுக்கு வந்தால் வயிறு எரியுமா, எரியாதா? எனக்கு எரிந்தது.

அப்போதுதான் நீச்சல்குள ஆர்டர் வந்தது.

நகரத்துப் பொது நீச்சல்குளத்தைப் புதுப்பிக்கிறார்கள். நுழைவாயில் சுவர் முழுக்க மண் டைல் வேண்டுமாம். அறுபத்து நாலு டைல்கள். பட்டறையில் யார் வேண்டுமானாலும் மாதிரிக்கு ஒரு டைல் செய்யலாம், குளத்துக்காரர்கள் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள், அதைச் செய்தவர்தான் முழுச் சுவருக்கும் பொறுப்பு என்றாள் டிகிரி அக்கா. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சுவர் என் தொழில். மண் என் புதுக் காதல். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து என் வீட்டுக் கதவைத் தட்டுகிறது. முதல் தடவையாக ஒரு பெட்டி கட்டிலுக்கு அடியில் போகாமல் வாசலைத் தாண்டி வெளியே போகப்போகிறது. இது எனக்கென்றே வந்தது.

"அப்போ நானும் ஒண்ணு போட்டுப் பாக்குறேன், சும்மா," என்றாள் அண்ணி.

சும்மா. அந்தச் 'சும்மா'வைக் கேட்டதும் எனக்குக் காதில் புகை வந்தது.

நான் அலைகளும் மீன்களுமாக வரைந்தேன். சூட்டில் மாறாத கலர்கள் பாட்டிலில் கிடைக்கும். பூசும்போது எப்படியோ வெந்த பிறகும் அப்படியே இருக்கும். சுவர் பெயின்ட் மாதிரி, கண் சொல்வதை நம்பலாம். அதனால் நான் வாளிகள் பக்கமே போகவில்லை. அலமாரிக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு வாளிகள் இருந்தன. கிளேஸ் என்று கண்ணாடிப் பூச்சுக் குழம்பு, மேலே வெறும் நம்பர் மட்டும். எந்த நம்பர் எப்படி வேகும் என்று டிகிரி அக்கா வகுப்பு எடுத்த அன்றைக்கு நான் என் பேருந்து நிலையக் கோப்பைத் தேடி அலுவலகம் அலுவலகமாக ஏறிக்கொண்டிருந்தேன்.

அண்ணி செய்தது முகங்கள். ஒரு சாண் சதுரத்துக்குள் ஐந்து முகங்கள். நீந்துகிறவர்கள் மூச்செடுக்கத் தலையைத் தூக்கும் அந்த ஒரு நொடி. கண் மூடியிருக்கும், வாய் மட்டும் திறந்திருக்கும். ஐந்து வாயும் ஐந்து விதம். ஒன்று பேராசையாக, ஒன்று பயந்துபோய், ஒன்று ஏதோ ஜோக் சொல்ல வந்த மாதிரி. உள்ளே பல்வரிசைகூட ஐந்து விதம். பார்த்துக்கொண்டே நின்றால் நாமே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வோம். நான் பிடித்துக்கொண்டேன்.

"எப்படி அண்ணி இப்படி?"

"தினமும் இருபது வாய் பாக்குறேன்ல."

முதல் சூட்டில் வெந்து வந்த டைலுக்கு அவள் இரண்டாம் நம்பர், அதாவது வெறும் கண்ணாடி மாதிரி மின்னுகிற பூச்சு, ஒரே ஒரு கோட் அடித்து அலமாரியில் வைத்துவிட்டு லேபுக்குப் போய்விட்டாள். மறுநாள் மத்தியானம் இரண்டாம் சூட்டுக்குச் சூளை ஏற்றுகிறார்கள். சாப்பாட்டு நேரம். டிகிரி அக்கா கீழே டயர் கடையில் தண்ணீர் மோட்டாருக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். மேலே நான் மட்டும். என் மீன் டைலும் அவள் வாய் டைலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. என் மீன்களைப் பார்த்தேன். அழகான மீன்கள்தான். அந்த ஐந்து பேரும் வாயைத் திறந்து என் மீன்களைப் பார்த்துச் சிரிப்பது மாதிரி இருந்தது.

நான் குனிந்து, கைக்கு எட்டிய வாளியைத் திறந்தேன். ஏழு. உள்ளே பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில், சிமென்ட் மாதிரி ஒரு குழம்பு. இதைவிட அசிங்கமான நிறம் இருக்க முடியாது. அகலப் பிரஷ்ஷை முக்கி, இடமிருந்து வலமாக இழுத்தேன். கெடுக்கும்போதுகூடக் கை ஒழுங்காகத்தான் இழுத்தது. வழிகிற இடத்தில் கீழே பிடித்து மேலே ஏற்றியது. மூன்று இழுப்பில் ஐந்து முகமும் சாக்கடைக்குள் போய்விட்டன.

போனதும் எனக்குக் குப்பென்று வியர்த்தது. என்ன செய்துவிட்டேன்? ஸ்பாஞ்சை நனைத்துத் துடைக்க ஆரம்பித்தேன். மூக்கு நுனி, உதடு, நெற்றி என்று மேடாக இருந்த இடங்கள் வெளியே வந்தன. அதற்குள் படியில் செருப்புச் சத்தம். ஸ்பாஞ்சைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு, என் மீன்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டிகிரி அக்கா மோட்டார்க்காரனைத் திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சூளைக்குள் அடுக்கினாள். எதையும் கவனிக்கவில்லை. கதவு மூடியது.

இரண்டு நாள் கழித்து எல்லாரும் சூளையைச் சுற்றி நின்றோம். நான் வராமலே இருந்திருக்கலாம். ஆனால் அவள் முகம் விழுவதைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை, பார்க்கப் பயமாகவும் இருந்தது. முதலில் மேனேஜர் சாரின் கிண்ணம் வந்தது, சாய்ந்தபடியே. அடுத்து என் மீன்கள்.

"நல்லா நீட்டா வந்திருக்கு சுவரு," என்றாள் டிகிரி அக்கா. "நோட்டுப் புத்தக அட்டை மாதிரி."

அதன் பிறகு அவள் கை உள்ளே போனது. வெளியே வரவில்லை.

"அடிப்பாவி," என்றாள் உள்ளேயிருந்து.

கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். தண்ணீர். நான் வேறு எப்படிச் சொல்வேன்? அந்தச் சிமென்ட் குழம்பு பச்சையும் நீலமும் கலந்த தண்ணீராகி இருந்தது. குழியிலெல்லாம் ஆழமாகத் தேங்கி, கன்னத்தில் மெலிந்து, துடைத்த உதடுகளும் மூக்குகளும் மட்டும் தண்ணீருக்கு வெளியே காற்றைத் தேடி வந்திருந்தன. என் பிரஷ் இழுத்த மூன்று கோடும் மூன்று அலையாக நின்றன. மேனேஜர் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"எத்தனை கோட் அடிச்ச?" என்றாள் டிகிரி அக்கா. "சுவர் பூரா இதே மாதிரி வரணும். குளத்துக்காரங்க இதைப் பார்த்தா வேற எதையும் பாக்க மாட்டாங்க."

அண்ணி டைலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் ரெண்டாம் நம்பர்தான் போட்டேன்."

"இது ஏழு."

"ஏழுன்னு தெரியுது அக்கா. ஆனா நான் போடல."

"சூளைக்குள்ள போனதும் தானா மாறியிருக்குமோ?" என்றார் மேனேஜர் சார்.

"தானா மாறும்னா முதல்ல உங்க கிண்ணம் நிமிர்ந்திருக்கணும் சார்," என்ற டிகிரி அக்கா, அண்ணியின் தோளைத் தட்டினாள். "லேப்ல இருந்து அசந்துபோய் வந்து போட்டிருப்ப, மறந்திருப்ப. சில பேருக்குத்தான் அப்படி. தலை தூங்கினாலும் கை வேலை செய்யும். பிறவியிலயே வர்றது அது. இந்த மூணு இழுப்பைப் பாருங்களேன், எவ்வளவு தைரியமான கை!"

வாயை மூடிக்கொண்டிருந்தால் என்னை யாரும் கேட்கப்போவதில்லை. செய்த தப்பு அப்படியே கரைந்து போயிருக்கும். அந்தக் குற்ற உணர்ச்சியை நான் தாங்கியிருப்பேன், சத்தியமாகத் தாங்கியிருப்பேன். ஆனால் அது என் கை. பதினெட்டு சுவர் பார்த்த என் கை. அதையும் தூக்கி அவளுக்கே கொடுக்கிறார்கள்.

"அந்த இழுப்பு என்னோடது," என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"நீயா?" டிகிரி அக்காவின் முகம் மலர்ந்தது. "அட, ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சீங்களா? சொல்ல வேண்டியதுதானே! உதவிக்கு நீ பூச்சு போட்டியா?"

ஒரு தலையாட்டல் போதும். பாதிச் சுவர் என்னுடையது. தலை கிட்டத்தட்ட ஆடியேவிட்டது. அப்போது அண்ணி என்னைப் பார்த்தாள். சிடுசிடுப்பு இல்லை. அச்சில் எந்தப் பல் கோணல் என்று தேடுகிற பார்வை.

"எதுக்குப் போட்ட?" என்றாள்.

"கேவலமா வரும்னு நினைச்சேன்." என் குரல் எனக்கே கேட்கவில்லை. "அந்தக் கலர் அப்படியே இருக்கும்னு நினைச்சேன். சாக்கடை மாதிரி."

மேனேஜர் சார் தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மெல்லக் கை கழுவும் தொட்டிப் பக்கம் போனார். டிகிரி அக்கா சூளைக் கதவைச் சாத்தினாள். "சுவர் உங்க அண்ணியோடது," என்றாள். "நீ கொஞ்ச நாளைக்கு இந்தப் படி ஏறாத."

பஸ் நிறுத்தம்வரை அண்ணியும் நானும் ஒன்றாகவே நடந்தோம். வழி ஒன்றுதானே. நிறுத்தத்தில் நின்ற பிறகு அவள் கேட்டாள்.

"அந்த வாயெல்லாம் உனக்குப் பிடிச்சிருந்துச்சா இல்லையா?"

"ரொம்ப."

"அப்புறம் ஏன்?"

"அதான் அண்ணி."

பஸ் வந்தது. அவள் ஏறிப் படியிலேயே நின்று திரும்பினாள். "நீ அடுத்த பஸ்ல வா."

பத்து நாள் எங்கள் வீட்டில் அண்ணன்தான் தபால்காரன். "உன் தங்கச்சிகிட்ட சொல்லு, பாத்ரூம் லைட்டை அணைக்கச் சொல்லு." "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, அணைச்சாச்சுன்னு." மூன்றாம் நாள் அவன், "ரெண்டு பேரும் எனக்கு ஸ்டாம்பாவது ஒட்டுங்க" என்று கத்திவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டான். அந்தப் பத்து நாளில் பேருந்து நிலையக் கோப்பைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் யோசித்தேன். மற்ற நேரமெல்லாம் அறுபத்து நாலு டைல்கள்தான். அவள் விரல்களுக்குக் கீழே, என் உதவி இல்லாமல்.

பதினோராம் நாள் காலையில் என் அறைக் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு அண்ணி வந்தாள். கையில் ஒரு தட்டுப்பலகை. அதில் செய்தித்தாள் சுற்றிய டைல்கள். கட்டிலில் ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தாள். எல்லாவற்றிலும் அவளுடைய வாய்கள், எல்லாவற்றின் மேலும் ஏழாம் நம்பர். வாய்கள் அற்புதம். தண்ணீர்தான் தண்ணீராக இல்லை. குளியலறைச் சுவர் மாதிரி வழவழவென்று மட்டமாக, ஒரே பச்சை.

"ஒரு கோட் போட்டேன், ரெண்டு போட்டேன், மூணு போட்டேன்," என்றாள். என்னிடம் அல்ல, டைல்களிடம். "அக்காவும் போட்டாங்க. வரல. குளத்துக்காரங்க அந்தத் தண்ணியைத்தான் கேக்குறாங்க. நீ என்ன பண்ண?"

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் நீங்கள் என்னை அடிப்பீர்கள். நான் பதில் சொல்ல அவசரப்படவில்லை. ஒவ்வொரு டைலாக எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். தொண்டையைச் செருமினேன்.

"ரொம்ப அலட்டாத," என்றாள் அண்ணி. "சொல்லித் தருவியா மாட்டியா?"

"மாட்டேன்."

"சரி." பலகையை எடுக்கக் குனிந்தாள்.

"நானே வந்து போடுறேன். அறுபத்து நாலும்."

அவள் நிமிர்ந்தாள். "அக்கா உன்னைப் படியே ஏறக் கூடாதுன்னாங்க."

"நீங்க சொன்னா விடுவாங்க. சுவர் உங்களோடதுதானே."

"என்னைக் கேக்காம ஒரு டைலைத் தொடக் கூடாது. தூசி தட்டக்கூட."

"தொட மாட்டேன்."

"பேரு என்னோடதுதான் மேல."

"என் பேரைக் கீழயே போடுங்க. ஆனா எழுத்து அதே சைஸ்."

"அதே சைஸா? கொழுப்பா உனக்கு? பாதி."

"முக்கால்."

அண்ணி சிரிக்கவில்லை. என் கட்டில் நுனியில் உட்கார்ந்து, வலது கைவிரல்களை ஒவ்வொன்றாக நெட்டி முறித்தாள். மன்னிக்கவில்லை என்பது அவள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. ஆனால் அவளுக்கும் அந்தத் தண்ணீர் வேண்டும். 'சும்மா' என்று வந்தவளுக்கு இப்போது வேண்டும். அதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. ஆசைப்படாமலே அப்படிச் செய்தவள் ஆசைப்பட்டால் என்ன செய்வாள்?

"சரி, முக்கால்," என்றாள். "இப்பவாவது சொல்லு."

"போட்டதும் பாதியைத் துடைக்கணும் அண்ணி. பயந்துபோய்த் துடைக்கிற மாதிரி."

"பயந்துபோயா?"

"அன்னைக்கு அப்படித்தான் துடைச்சேன்."

அவள் டைல்களை மறுபடி சுற்ற ஆரம்பித்தாள். நானும் கைகொடுத்தேன், அனுமதி கேட்டுவிட்டுத்தான். கடைசி டைல் இன்னும் பிரிக்காமலே கிடந்தது. அதைப் பிரித்தேன். ஏழாம் நம்பர் படாத, முதல் சூடு மட்டும் பட்ட வெறும் மண். ஒரே ஒரு வாய். திறந்திருக்கவில்லை. இறுக்க மூடி, கீழுதடு உள்ளே மடங்கி, இடது ஓரம் மட்டும் ஒரு நூல் அளவுக்குச் சிரிப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. கன்னத்தில் ஏதோ மெல்லுகிற மாதிரி ஒரு சின்ன வீக்கம்.

"இது யாரு? மூச்சே விடாம இருக்கு."

"பத்து நாளா டைனிங் டேபிள்ல எனக்கு எதிர்ல உக்காந்திருந்துச்சு ஒரு கழுதை," என்றாள் அண்ணி.

நான் எழுந்து போய்க் கண்ணாடியில் பார்த்தேன். டைலைப் பார்த்தேன். இடது ஓரம் உட்பட அப்படியே இருந்தது. படம் வரையக் கற்ற நாளிலிருந்து என் முகத்தை நூறு தடவையாவது வரைந்திருப்பேன். ஒரு தடவைகூட இது வந்ததில்லை. வயிற்றில் மறுபடி பற்றிக்கொண்டது.

"இதுக்கு மட்டும் நான் துடைக்க மாட்டேன்," என்றேன். "முழுசா முக்கிடுவேன்."

"தொட்டுத்தான் பாரேன்," என்று அண்ணி அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.